ஜப்பானிய ஆங்கில உரையாடல் பள்ளிகளில் ஆசிரியர் ஊதியமும் பணிநிலையும்

எய்கைவா என்பது ஜப்பானில் தனியார் நிறுவனங்கள் நடத்தும் ஆங்கில உரையாடல் பள்ளிகளைக் குறிக்கும் சொல் ஆகும். ஜப்பானிய மொழியில் இச்சொல்லுக்கு 'ஆங்கில உரையாடல்' என்றே பொருள். பெரும்பாலும் தொடருந்து நிலையங்களின் அருகே, வணிகக் கட்டடங்களின் மாடிகளில் இப்பள்ளிகள் அமைந்துள்ளன. அலுவலகப் பணியாளர், இல்லத்தரசியர், ஓய்வு பெற்றோர், சிறுவர் ஆகியோர் இவற்றின் மாணவர்கள். பாடம் நடத்துவோரில் பெரும்பகுதியினர் ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, ஆத்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்து ஓராண்டு ஒப்பந்தத்தில் வரும் இளம் பட்டதாரிகள் ஆவர்.

ஆங்கில ஆசிரியர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தொழில் பல நாடுகளில் இருந்தாலும், அத்தொழிலின் ஊதிய முறையையும் அதன் பலவீனங்களையும் அறிய ஜப்பான் சிறந்த எடுத்துக்காட்டு. 2007 ஆம் ஆண்டில் அந்நாட்டின் மிகப் பெரிய மொழிப் பள்ளியான நோவா திவாலானபோது, ஓர் ஆசிரியரின் சம்பளம், வீடு, நாட்டில் தங்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருந்தால் என்ன நேரும் என்பது வெளிப்பட்டது.

பின்னணி

ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலம் நெடுங்காலமாக நுழைவுத் தேர்வுக்கான பாடமாகவே கற்பிக்கப்பட்டது. இலக்கணமும் மொழிபெயர்ப்பும் முதன்மை பெற்றன. பேச்சுப் பயிற்சி குறைவு. இந்த இடைவெளியைத் தனியார் பள்ளிகள் நிரப்பின. நோவா 1981 இல் சகாஷி நொசோமு என்பவரால் ஒசாகாவில் தொடங்கப்பட்டது. நோவா, சியோசு, ஏயான், ஈசிசி ஆகியவை 'பெரிய நான்கு' என்று குறிப்பிடப்பட்டன. உச்ச நிலையில் நோவாவுக்கு மட்டும் 900க்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. அதன் இளஞ்சிவப்பு முயல் விளம்பரம் நாடெங்கும் அறியப்பட்ட ஒன்று.

பெயரில் பள்ளி என்றிருப்பினும் இவற்றுள் பெரும்பாலானவை சட்டப்படி பள்ளிகள் அல்ல, பங்கு நிறுவனங்களே. கல்வி அமைச்சு இவற்றை ஒழுங்குபடுத்துவதில்லை. வாடிக்கையாளர் ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை, 1999 முதல் இவை பொருளாதார, வணிக, தொழில்துறை அமைச்சின் கீழ் வருகின்றன. அழகு நிலையங்களின் நீண்டகாலக் கட்டண ஒப்பந்தங்களும் இதே சட்டப் பிரிவில்தான் அடங்குகின்றன என்பது இத்தொழிலை அரசு எவ்வாறு பார்க்கிறது என்பதைக் காட்டும்.

1998 இறுதியில் அரசு தொடங்கிய பயிற்சி உதவித் திட்டம், வேலைவாய்ப்புக் காப்பீடு உடைய ஊழியர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்தில் 80 விழுக்காட்டை உச்ச வரம்புக்கு உட்பட்டுத் திருப்பித் தந்தது. மொழிப் பள்ளிகள் இதனால் பெரிதும் பயன் பெற்றன. 2003 இல் இந்த உதவி 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் மாணவர் சேர்க்கை தளர்ந்தபோதும், கிளைகளைப் பெருக்கும் போக்கு உடனே நிற்கவில்லை.

பணியமர்த்தலும் நுழைவிசைவும்

இப்பணிக்கான நுழைவிசைவு (விசா) பெற ஏதேனும் ஒரு துறையில் இளங்கலைப் பட்டம் போதும். கல்வியியல் பட்டமோ கற்பித்தல் பயிற்சியோ தேவையில்லை. பொதுவாக வழங்கப்படும் தங்குநிலை, பொறியியலாளர், மனிதநேயத் துறை வல்லுநர், பன்னாட்டுச் சேவை என்ற மூன்றையும் உள்ளடக்கி 2015 இல் உருவாக்கப்பட்ட பொதுப் பிரிவைச் சேர்ந்தது. அதாவது மென்பொருள் பொறியாளரும் ஆங்கில உரையாடல் ஆசிரியரும் ஒரே வகை விசாவில் ஜப்பானில் இருக்கின்றனர். ஒரு ஜப்பானியருக்கு அதே வேலைக்குத் தரப்படும் ஊதியத்திற்குக் குறையாமல் தர வேண்டும் என்பது இப்பிரிவின் நிபந்தனை.

முறையான பள்ளிகளில் கற்பிப்போருக்கு உரிய 'பயிற்றுநர்' தங்குநிலை வேறு. மொழியாசிரியர்கள் தாம் கற்பிக்கும் மொழியின் வாயிலாக 12 ஆண்டுகளாவது கல்வி பயின்றிருக்க வேண்டும் என்று அதன் விதி கூறுகிறது. தாய்மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஆகவே ஆங்கில வழியில் பள்ளிக் கல்வி முடித்த இந்தியர் ஒருவர் சட்டப்படி தகுதி பெறக்கூடும். தமிழ் வழியில் பயின்று, பின்னர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தவர் தகுதி பெறுவது கடினம். நடைமுறையில் உரையாடல் பள்ளிகளின் விளம்பரங்கள் பலவும் 'தாய்மொழியாளர்' என்றே கேட்கின்றன. இது சட்டத்தின் கட்டாயம் அன்று, வாடிக்கையாளர் விருப்பம் என்று நிறுவனங்கள் கருதுவதன் விளைவே.

ஊதியம்

இத்தொழிலில் நெடுங்காலமாக வழங்கிவரும் எண் மாதம் 250,000 யென். 1990களில் இது தொடக்க ஊதியத்தின் வழக்கமான அளவாக இருந்தது. இன்றைய விளம்பரங்களிலும் இதே தொகையையோ இதற்குச் சற்றுக் கீழான தொகையையோ காணலாம். ஜப்பானில் விலைவாசி நீண்ட காலம் உயராமல் இருந்ததால், இத்தேக்கம் பல ஆண்டுகள் உறுத்தவில்லை. ஆனால் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியுடன் ஒப்பிட்டால் நிலைமை விளங்கும்.

டோக்கியோவில் ஒரு மணி நேரத்திற்கான குறைந்தபட்சக் கூலி 2007 அக்டோபரில் 739 யென். வாரம் 40 மணி நேரம் உழைக்கும் ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 128,000 யென் கிடைத்தது. 250,000 பெற்ற ஆசிரியர் அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு பெற்றார். 2025 அக்டோபரில் அதே கூலி 1,226 யென் ஆயிற்று. அதே 40 மணி நேரக் கணக்கில் மாதம் சுமார் 212,500 யென். பட்டம் பெற்று, கடல் கடந்து வந்த ஆசிரியருக்கும் இரவுக் கடையில் பொருள் அடுக்குபவருக்கும் இடையிலான வேறுபாடு அவ்வளவு சுருங்கிவிட்டது. ஆசிரியரின் ஒப்பந்த மணிநேரம் குறைவு என்பதையும் இங்குக் கணக்கில் கொள்ள வேண்டும். அது குறித்துக் கீழே காண்க.

நாணய மாற்று மற்றோர் இழப்பு. 2012 இல் ஒரு டாலர் சுமார் 80 யென்னாக இருந்தபோது 250,000 யென்னின் மதிப்பு ஏறத்தாழ 3,100 டாலர். 2024 இல் டாலர் 150 யென்னைத் தொட்டுக் கடந்தபோது அது 1,670 டாலருக்கும் கீழே சென்றது. உள்ளூரில் செலவிடுவோருக்கு இது நேரடியாகத் தெரிவதில்லை. ஊரில் கல்விக் கடன் வைத்துவிட்டு வருவோரோ மாதந்தோறும் இதை உணர்கின்றனர்.

கையில் வரும் தொகையும் முதலாண்டைப் போல் இரண்டாம் ஆண்டில் இருப்பதில்லை. ஜப்பானில் உள்ளாட்சி வரி முந்தைய ஆண்டின் வருமானத்தின் மீது, ஏறக்குறைய 10 விழுக்காடு, விதிக்கப்படுகிறது. புதிதாக வந்தவருக்கு முந்தைய ஆண்டு வருமானம் இல்லாததால் முதலில் இவ்வரி இல்லை. அடுத்த சூன் மாதத்தில்தான் அதற்கான அறிவிப்பு வருகிறது. ஊதியம் குறைக்கப்பட்டுவிட்டது என்று சிலர் எண்ணிக்கொள்வது இதனாலேயே.

ஒப்பீட்டுக்கு, அரசு சார்ந்த செட் திட்டத்தைக் குறிப்பிடலாம். 1987 இல் தொடங்கிய இத்திட்டம் வெளிநாட்டுப் பட்டதாரிகளை அரசுப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக அமர்த்துகிறது. இதன் முதலாண்டு ஊதியம் 33.6 இலட்சம் யென்னாக இருந்தது; 2025 ஏப்ரல் முதல் 40.2 இலட்சமாக உயர்த்தப்பட்டது. மாதம் 250,000 என்றால் ஆண்டுக்கு 30 இலட்சமே. செட் திட்டத்தில் வருவோருக்கு விமானக் கட்டணமும் தரப்படுகிறது. உரையாடல் பள்ளிகளில் அது பெரும்பாலும் ஆசிரியரின் செலவு.

வேலை நேரமும் 29.5 மணிக் கணக்கும்

மாணவர்கள் வேலையும் பள்ளியும் முடிந்த பின்னரே வருவதால், ஆசிரியரின் பணி நண்பகலில் தொடங்கி இரவு 9 மணி வரை நீள்வது வழக்கம். சனி, ஞாயிறு ஆகியவை மிகுந்த வேலை உள்ள நாட்கள். விடுமுறை வார நடுவில் வரும்.

பல ஒப்பந்தங்களில் வாரப் பணி நேரம் 29.5 மணி என்ற விசித்திரமான எண்ணில் நிற்கும். இதன் காரணம் சமூகக் காப்பீட்டு விதியில் உள்ளது. நிறுவனத்தின் முழுநேர ஊழியரின் நேரத்தில் நான்கில் மூன்று பங்கு அல்லது அதற்கு மேல் உழைப்பவரை உடல்நலக் காப்பீட்டிலும் ஊழியர் ஓய்வூதியத்திலும் சேர்க்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. முழுநேரம் 40 மணி எனில் எல்லை 30 மணி. அரை மணி நேரம் குறைத்து எழுதினால் நிறுவனம் காப்பீட்டில் தன் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை என்று பள்ளிகள் வாதிட்டன. ஓய்வூதியத்திற்கு மட்டும் ஊதியத்தில் 18.3 விழுக்காடு செலுத்தப்படுகிறது. அதில் பாதி நிறுவனத்தின் பங்கு. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைக் கொண்ட நிறுவனத்திற்கு இது சிறு தொகை அன்று.

இக்கணக்கில் எண்ணப்பட்டது வகுப்பு நேரமே. நோவாவில் ஒரு பாடவேளை 40 நிமிடம்; நாளொன்றுக்கு 8 பாடவேளைகள் வரை. ஐந்து நாட்களுக்குக் கூட்டினால் 26 மணி 40 நிமிடம். ஆனால் பாடவேளைகளுக்கு இடையில் இருந்த 10 நிமிடங்களில், முடிந்த மாணவர்களின் பதிவேட்டில் குறிப்பு எழுதி, அடுத்த மாணவர்களின் பதிவேடுகளைத் தேடி எடுத்து, பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது ஓய்வா, வேலையா என்பதே தொழிற்சங்கங்கள் மீண்டும் மீண்டும் எழுப்பிய வினா.

காப்பீட்டு விதி படிப்படியாக மாற்றப்பட்டது. மாத ஊதியம் 88,000 யென்னுக்குக் குறையாமல், வாரம் 20 மணி அல்லது அதற்கு மேல் உழைப்போரும் சேர்க்கப்பட வேண்டும் என்ற விதி 2016 அக்டோபரில் 500 பேருக்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு வந்தது. 2022 இல் அந்த எல்லை 100 ஆகவும், 2024 அக்டோபரில் 50 ஆகவும் குறைக்கப்பட்டது. ஆகவே பெரிய பள்ளிகளில் 29.5 என்ற எண்ணுக்கு இனிப் பயன் இல்லை. சிறிய பள்ளிகளில் அது தொடர்கிறது. வேறு சில நிறுவனங்கள் ஆசிரியரை ஊழியராகவே கொள்ளாமல், பாடத்திற்கு இவ்வளவு என்று 'இதக்கு' எனப்படும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் அமர்த்துகின்றன. அம்முறையில் மாணவர் வராவிட்டால் கூலியும் இல்லை. ஊதியத்துடன் கூடிய விடுப்பும் இல்லை.

தங்குமிடம்

ஜப்பானில் வீடு வாடகைக்கு எடுக்க வைப்புத்தொகை தவிர, 'ரெய்கின்' எனப்படும், உரிமையாளருக்குத் திரும்பப் பெறாத அன்பளிப்புத் தொகையும் முகவர் கட்டணமும் தர நேரும். ஒரு ஜப்பானியரோ ஒரு நிறுவனமோ பிணை நிற்கவும் வேண்டும். வந்திறங்கிய ஆசிரியரிடம் பல மாத வாடகைக்கு இணையான பணமும் இராது, பிணை நிற்க ஆளும் இரார். எனவே நிறுவனமே அடுக்கக வீடுகளைத் தன் பெயரில் எடுத்து, இருவரையோ மூவரையோ ஒன்றாகத் தங்க வைத்து, வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. இது வசதியான ஏற்பாடுதான். நிறுவனம் நல்ல நிலையில் இருக்கும்வரை இதன் குறை தெரிவதில்லை.

நோவாவின் வீழ்ச்சி

நோவாவில் மாணவர்கள் பாடங்களைப் 'புள்ளிகளாக' முன்பணம் கொடுத்து வாங்கினர். அதிகம் வாங்கினால் ஒரு புள்ளியின் விலை குறையும். இடையில் விலகினால், பயன்படுத்திய புள்ளிகளை நிறுவனம் குறைந்த எண்ணிக்கைக்குரிய உயர்ந்த விலையில் மதிப்பிட்டுக் கழித்துக்கொண்டது. எடுத்துக்காட்டாக, ஒருவர் 600 புள்ளிகளை 1,200 யென் வீதம் 720,000 யென்னுக்கு வாங்கி, 400 புள்ளிகளைப் பயன்படுத்தினார் எனக் கொள்வோம். வாங்கிய விலைப்படி அவருக்கு 240,000 யென் திரும்ப வேண்டும். பயன்படுத்தியவற்றை 1,750 யென் வீதம் கணக்கிட்டால் 20,000 யென் மட்டுமே திரும்பும். 2007 ஏப்ரல் 3 அன்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் இக்கணக்கு முறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. சூன் 13 அன்று அமைச்சு, ஓராண்டுக்கு மேற்பட்ட புதிய ஒப்பந்தங்களை ஆறு மாதத்திற்கு நிறுத்துமாறு நோவாவுக்கு ஆணையிட்டது.

ஆசிரியர்களுக்கு இத்தீர்ப்பு தொலைவில் நடந்த நுகர்வோர் வழக்காகவே தோன்றியிருக்கும். ஆனால் அவர்களது சம்பளம் புதிய மாணவர்கள் கட்டிய முன்பணத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. புதிய ஒப்பந்தங்கள் நின்று, பழைய மாணவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியவுடன் அந்த ஊற்று வற்றியது. வெளிநாட்டு ஆசிரியர்களின் செப்டம்பர் ஊதியம் தாமதமாக வந்தது. அக்டோபர் ஊதியம் வரவே இல்லை. சம்பளத்தில் பிடிக்கப்பட்ட வாடகை உரிமையாளர்களுக்குச் சென்று சேராததால், சில ஆசிரியர்களின் கதவில் வீட்டைக் காலி செய்யும் அறிவிப்பு ஒட்டப்பட்டது. வாடகையைத் தாம் ஏற்கெனவே கட்டிவிட்டதாக அவர்கள் கூறியது உண்மையே. ஆனால் ஒப்பந்தம் அவர்கள் பெயரில் இல்லை.

அக்டோபர் 25 இரவு நிறுவனத்தின் இயக்குநர்கள் சகாஷியைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினர். மறுநாள் நிறுவனம் ஒசாகா மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரியது. 4,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஆசிரியர்கள் ஒரே நாளில் வேலையற்று நின்றனர். சில நாட்கள் கழித்து, நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளர்கள் ஒசாகாத் தலைமையகத்தில் இருந்த தலைவரின் அறையைச் செய்தியாளருக்குத் திறந்து காட்டினர். அங்குப் படுக்கையறையும் நீராவிக் குளியலறையும் இருந்தன. அதே வாரங்களில் தொழிற்சங்கத்தினர், பழைய மாணவர்கள் உணவு தந்து பாடம் கேட்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்திருந்தனர். ஆத்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாசு, நாடு திரும்ப இயலாதிருந்த ஆத்திரேலிய ஆசிரியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பயணம் அளித்தது.

நவம்பரில் சி.கம்யூனிகேசன் என்ற நிறுவனம் நோவாவின் பெயரையும் கிளைகளில் ஒரு பகுதியையும் ஏற்றது. சகாஷி ஊழியர் நல நிதியில் 32 கோடி யென் கையாடிய குற்றச்சாட்டில் 2008 சூனில் கைது செய்யப்பட்டார். 2009 ஆகத்தில் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது இரண்டு ஆண்டாகக் குறைந்தது. 2010 ஏப்ரலில் சியோசு நிறுவனமும் திவாலாயிற்று.

நிறுவனம் திவாலானால் செலுத்தப்படாத ஊதியத்தில் 80 விழுக்காட்டை வயதுக்கேற்ற உச்ச வரம்புக்குள் அரசே முன்னதாக வழங்கும் திட்டம் ஒன்று ஜப்பானில் உள்ளது. இது வெளிநாட்டவருக்கும் பொருந்தும். 30 வயதுக்குட்பட்டவருக்கு வரம்பு 880,000 யென். ஆனால் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை நாட்டில் தங்கியிருக்க முடிந்தவர்க்கே இத்திட்டம் எளிது.

தொழிற்சங்கங்களும் வழக்குகளும்

1991 இல் ஒசாகாவில் உருவான செனரல் யூனியன், டோக்கியோவின் நம்பு சங்கம் ஆகியவை இத்துறையில் முதன்மையானவை. ஓராண்டில் நாடு திரும்ப எண்ணுவோரைச் சங்கத்தில் சேர்ப்பது கடினம் என்பது இவற்றின் நீங்காத இடர்ப்பாடு. ஊதியம் உயராமைக்கும் இதுவே ஒரு காரணம் எனலாம்: விலகுபவருக்குப் பதிலாக அதே தொடக்க ஊதியத்தில் மற்றொருவர் வந்துவிடுகிறார்.

ஆசிரியர், மாணவர் வகுப்புக்கு வெளியே பழகக் கூடாது என்ற நோவாவின் விதி மனித உரிமை மீறல் என்று 2004 இல் ஒசாகா வழக்கறிஞர் சங்கம் கருத்துத் தெரிவித்தது. பெர்லிட்சு பள்ளிகளில் 2007 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் இத்தொழிலின் வரலாற்றில் பெரியது. 4.6 விழுக்காடு ஊதிய உயர்வும் ஒரு மாத ஊதிய அளவு ஊக்கத்தொகையும் கோரி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் முன்னறிவிப்பின்றிப் பாடவேளை பாடவேளையாக வேலையை நிறுத்தினர். முழு நாளும் நிறுத்தினால் நிறுவனம் மாற்று ஆசிரியரை அனுப்பிவிடும். ஒரு பாடவேளைக்கு அது இயலாது. நிறுவனம் 2008 டிசம்பரில் சங்கத்தின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது. வேலைநிறுத்தம் சட்டத்திற்கு உட்பட்டதே என்று கூறி டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் அதைத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு இறுதியில் இரு தரப்பும் உடன்பாடு கண்டன.

சட்டப் பாதுகாப்பு

ஊழியராக அமர்த்தப்பட்டவருக்கு நாட்டுரிமை வேறுபாடின்றித் தொழிலாளர் தரச் சட்டம் பொருந்துகிறது. ஆறு மாதம் பணியாற்றி, வேலை நாட்களில் 80 விழுக்காட்டிற்குக் குறையாமல் வந்தவருக்கு ஊதியத்துடன் 10 நாள் விடுப்பு உண்டு. வாரத்தில் நான்கு நாட்களுக்கு மேற்படாமல் குறைந்த நேரமே உழைப்போருக்கு அதற்கேற்பக் குறையும். ஒப்பந்தக் காலத்திற்கு முன் விலகினால் இவ்வளவு தண்டம் என்று முன்கூட்டியே எழுதுவதைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு தடை செய்கிறது. ஒரே நிறுவனத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளைத் தாண்டியவர், கால வரையறையற்ற ஒப்பந்தம் கோரலாம். இவ்விதி 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

வேலை போனவுடன் விசா முடிந்துவிடும் என்ற அச்சம் ஆசிரியர்களிடையே பரவலாக உள்ளது. அது சரியன்று. தங்குநிலை அதில் குறித்துள்ள நாள் வரை செல்லும். வேலை நீங்கியதைக் குடிவரவு அலுவலகத்திற்கு 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தக்க காரணமின்றி மூன்று மாதங்கள் உரிய பணியில் இல்லாதிருந்தால் மட்டுமே தங்குநிலை நீக்கப்படலாம். வேலை தேடிக்கொண்டிருப்பது தக்க காரணமாகக் கருதப்படுகிறது. சம்பளம் வராத நிலையிலும் பலர் நிறுவனத்தை விட்டு விலகத் தயங்குவதற்கு இவ்வச்சமே முதன்மைக் காரணம். ஊதியம் தரப்படாததால் விலகுவோர், தாமாக விலகியோருக்குரிய காத்திருப்பு இன்றியே வேலையின்மைக் காப்பீடு பெறலாம்.

நாடு திரும்புவோர் செலுத்திய ஓய்வூதியப் பங்கின் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறலாம். இதற்குக் கணக்கிடப்படும் காலம் 2021 ஏப்ரல் முதல் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தப்பட்டது. இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் முதல் செயல்படுவதால், இந்தியர் ஒருவர் ஜப்பானில் செலுத்திய காலத்தை இந்திய ஓய்வூதியத் தகுதிக்குச் சேர்த்துக்கொள்ளவும் இயலும். தொகையை மொத்தமாகப் பெற்றுவிட்டால் இந்த உரிமை போய்விடும்.

இணையவழிப் பாடங்களின் வருகை

2007 இல், நோவா சரிந்த அதே ஆண்டில், டோக்கியோவில் ரேர்சாப் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பிலிப்பீன்சில் உள்ள ஆசிரியர்களை இணையவழியே ஜப்பானிய மாணவர்களுடன் இணைப்பது அதன் தொழில். இம்முறையில் ஆசிரியருக்கு விசாவும் வேண்டா, வீடும் வேண்டா. ஊதியம் மணிலாவின் விலைவாசிக்கு ஏற்ப அமைகிறது. 2020 இல் கொரோனாத் தொற்றால் வகுப்பறைகள் மூடப்பட்டபோது மாணவர்கள் இப்பழக்கத்திற்கு மேலும் நெருங்கினர். வகுப்பறைப் பள்ளிகள் இன்று வளர்ந்தோரைவிடச் சிறுவரை நாடுகின்றன. இதனால் ஆசிரியரின் வேலையும் மாறியுள்ளது: மேசையருகே அமர்ந்து உரையாடுவதற்குப் பதிலாக, மூன்று வயதுக் குழந்தைகளுடன் தரையில் அமர்ந்து பாட்டுப் பாடுவது இப்பணியின் பெரும் பகுதியாகிவிட்டது.